கடல் மட்டமும் காவிரி வண்டலும்: பிச்சாவரம், முத்துப்பேட்டைக் கழிமுகங்களின் உயரக் கணக்கு

காவிரிப் படுகையின் அலையாத்திக் காடுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கடல் மட்ட உயர்வின் மீதே பழி விழுகிறது. 2006 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மி.மீ. உயர்ந்தது, வேகமும் கூடிவருகிறது. இதில் ஐயமில்லை. ஆனால் கழிமுகச் சேற்றுவெளியின் உயிர்வாழ்வு, கடல் ஏறும் வேகத்துக்குத் தரையும் ஈடுகொடுக்கிறதா என்பதைப் பொறுத்தது. தரையை உயர்த்துவது ஆற்று வண்டல். அந்த வண்டலைக் கணக்கில் சேர்க்காமல் இக்காடுகளின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது என்பதே என் வாதம்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகி அது விரைந்து ஏறியபோது எந்த ஆற்றாலும் நிலையான டெல்டாவைக் கட்ட முடியவில்லை. ஏற்றம் தணிந்த பிறகு, 8,500 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன்புதான், உலகின் பெரிய டெல்டாக்கள் உருவாகத் தொடங்கின. கடந்த 10,000 ஆண்டுப் படிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, கடல் ஆண்டுக்கு 6 மி.மீ.-க்கு மேல் உயர்ந்தால் அலையாத்திகள் ஈடுகொடுப்பது அரிது என்கிறது. அந்த எல்லையை நாம் இன்னும் தொடவில்லை. எனவே இன்று வண்டலுக்கு மதிப்பு மிகுதி.

நம் கரையில் இந்தக் கணக்கு மேலும் நுட்பமானது. காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் வரை ஏறி வற்றும். பிச்சாவரத்திலோ ஏற்றவற்றம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தச் சிறு இடைவெளிக்குள்தான் மட்டி, களி நண்டு, உளுவை, சுரபுன்னை எல்லாமே. நீர் வற்றியதும் குனிந்து பார்த்தால், நுண்பாசிகள் படர்ந்த பழுப்புப் பசை சேற்றை ஒட்டிப் பிடித்திருக்கும். நண்டு வளைகளைச் சுற்றி மிளகளவு சேற்று உருண்டைகள் கிடக்கும். அவ்வளைகள் வழியே காற்றும் நீரும் கீழிறங்குகின்றன. தரை சில அங்குலம் தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ இந்த ஏற்பாடு குலையும்.

இது வெறும் ஊகமல்ல. முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து கூப்பு முறையில் காடு மொத்தமாக வெட்டப்பட்டது. நிழலிழந்த சேறு காய்ந்து அமுங்கித் தொட்டிபோல் குழிந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றி ஆவியாக, உப்பு ஏறி, வெட்டிய இடத்தில் கன்று முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கால்வாய்கள் வெட்டி நீரோட்டத்தைத் திருப்பிய பிறகே காடு மீண்டது. அங்கே காடு மீளாமல் தடுத்தது கடல் மட்டமல்ல, தரை மட்டம்.

ஒரு மறுப்பு உண்டு. பிச்சாவரத்தை ஒட்டிய வெள்ளாற்று முகத்துவாரமும் சின்னவாய்க்காலும் மணல் திட்டால் தூர்ந்துபோகின்றன. படகு செல்லத் தூர்வாரச் சொல்லி மீனவர்கள் கேட்கிறார்கள். அப்படியிருக்க வண்டல் பற்றாக்குறை என்பது எப்படி? வாயை அடைப்பது கரையோர நீரோட்டம் கொண்டுவரும் கடல் மணல். சேற்றுவெளியைக் கட்டுவது ஆற்றின் நுண்களி: நன்னீரில் தனித்தனியே மிதந்துவந்து, உப்புநீர் பட்டதும் ஒட்டித் திரண்டு படிவது. ஆற்று வெள்ளம் குறையும்போது இரண்டு கேடும் சேர்ந்தே வருகின்றன. மணலைத் தள்ளும் விசையும் இல்லை, களியைக் கொண்டுவரும் நீரும் இல்லை. மீனவர் கோரிக்கையும் காட்டின் தேவையும் உண்மையில் ஒன்றுதான்.

கிருஷ்ணராஜ சாகரும், 1934-இல் முடிந்த மேட்டூர் அணையும் நீரோடு வண்டலையும் தேக்குகின்றன. ஆற்று மணல் அள்ளுவது எஞ்சியதையும் குறைக்கிறது. 2007-ஆம் ஆண்டு காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பு 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 என ஒதுக்கியது. அந்த 14 டி.எம்.சி.யை நான் மதிக்கிறேன். ஆயினும் பங்கீடு முழுவதும் நீரின் அளவில்தான். தெளிந்த நீர் எத்தனை டி.எம்.சி. வந்தாலும் தரையை ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. கொள்ளிடத்தில் செந்நிறமாகப் புரண்டோடும் வெள்ளத்தைக் கடலில் வீணாவதாகச் சொல்வது நம் வழக்கமாகிவிட்டது. பிச்சாவரத்துக்கு அதுதான் அவ்வாண்டின் மண்.

ஆகவே இரண்டு அளவீடுகள் உடனே தேவை. வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்தின் அணைக்கரையைக் கடக்கும் நீரில் எவ்வளவு களி இருக்கிறது என்பது ஒன்று. சேற்றில் ஆழமாக நட்ட கம்பிகளைக் கொண்டு, இரு காடுகளிலும் தரை ஆண்டுதோறும் எத்தனை மி.மீ. உயர்கிறது அல்லது தாழ்கிறது என்பது மற்றொன்று. அவற்றைக் கடல் மட்டப் பதிவோடு ஒப்பிட்டால், கன்று நடுவதற்கான பணத்தை எங்கே செலவிடலாம், எங்கே முதலில் வெள்ளத்துக்கு வழிவிட வேண்டும் என்பது தெரியவரும்.