போடி ஏலமும் கப்பல் கூலியும்

ஏலக்காயைக் குறிக்கும் 'ஏலம்' பழைய சொல். விற்பனையைக் குறிக்கும் 'ஏலம்' போர்த்துகீசியர் வழியாக வந்தது. இரண்டும் சந்திக்கிற ஊர் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர்.

முன்பெல்லாம் இங்கே வியாபாரிகள் குரல் கொடுத்துத்தான் விலையை ஏற்றினார்கள். 2007ல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. மாதிரிக் காயைக் கையில் வாங்கிப் பார்ப்பது மட்டும் மாறவில்லை. விலையைக் கணினியில் ஏற்றுகிறார்கள். 2021ல் போடியையும் இடுக்கியின் புற்றடியையும் இணையம் வழியாக இணைத்தார்கள். சத்தம் போய்விட்டது. பேரம் போகுமா?

அது ஏலக்கூடத்துக்கு வெளியே, கடல் கடந்து வாங்குபவரோடு நடக்கிறது. எஃப்.ஓ.பி. விலை என்றால் சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரைதான் ஏற்றுமதியாளர் செலவு. கப்பல் கூலி வாங்குபவர் தலையில். சி.ஐ.எஃப். என்றால் கூலியும் காப்பீடும் விலைக்குள்ளேயே அடக்கம். இப்படிப்பட்ட சொற்களுக்கு ஊருக்கு ஒரு அர்த்தம் சொல்லித் தகராறு வந்ததால்தான், சர்வதேச வணிகச் சபை 1936ல் இதற்கென்றே விதிகள் வெளியிட்டது.

ஆகவே ஏற்றுமதிக்கு வாங்குபவர் ஏலத்தில் விலை ஏற்றும்போதே கூலிக் கணக்கையும் மனதில் போட்டாக வேண்டும். ஏனென்றால் சவுதி வியாபாரி குவாத்தமாலா காய் தன் துறைமுகத்தில் வந்து இறங்கும் விலையோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போன செடி, பிற்காலத்தில் ஏற்றுமதியில் இந்தியாவையே முந்திவிட்டது. கப்பல் கூலி ஏறினால், போட்டியால் அந்தச் சுமையை விலையில் கூட்ட முடியாத ஏற்றுமதியாளர் அதைப் போடி ஏலத்தில்தான் குறைத்துக் கேட்பார். காயை விளைவித்த விவசாயிக்கு அந்தக் கூலிப் பேச்சில் நாற்காலியே கிடையாது.