திறந்து பார்த்தவர்கள் வளர்த்த ஹெட்

ஓசூர் டிவிஎஸ்ஸின் அப்பாச்சி பைக்குகளில் ‘4வி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே சிலிண்டருக்கு நான்கு வால்வுகள்: காற்றும் பெட்ரோலும் உள்ளே வர இரண்டு, எரிந்த புகை வெளியேற இரண்டு. நேற்று வந்த நுட்பம் போலத் தெரியும் இதற்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

1912-ல் பிரான்சின் தியெப் நகரில் கிராண்ட் பிரி பந்தயம் நடந்தது. வேகம் வேண்டுமென்றால் இன்ஜினைப் பெரிதாக்கு என்பதே அன்றைய வழக்கம். ஃபியட் 14.1 லிட்டர் இன்ஜினோடு வந்து நின்றது. அதில் ஏறக்குறைய பாதியே, அதாவது 7.6 லிட்டர்தான் பேஜோ காரின் இன்ஜின். ஆனாலும் ஜார்ஜ் புவாயோ ஓட்டிய பேஜோவே வென்றது. ஃபியட் இரண்டாவதாக வந்தது. அந்த இன்ஜினை வரைந்தவர் சுவிட்சர்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஆன்றி. அவருக்குத் துணை நின்றவர்கள் புவாயோ, ஜூல் கூ, சுக்கரெல்லி என்ற மூன்று பந்தய ஓட்டுநர்கள். நிறுவனத்தின் பொறியாளர்களே இவர்களைப் போலிகள் என்று ஏளனம் செய்திருந்தார்கள்.

வெற்றியின் சூட்சுமம் இன்ஜினின் தலையில், அதாவது சிலிண்டர் ஹெட்டில், இருந்தது: ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள். ஒரு வட்டத்துக்குள் சம அளவில் இரண்டு வட்டங்களை எவ்வளவு பெரிதாக வரைந்தாலும் பாதிப் பரப்புதான் நிறையும். நான்காக வரைந்தால் 68 சதவீதத்துக்கு மேல் நிறைந்துவிடும். காற்று நுழையும் வாசல் அந்த அளவுக்கு அகலமாகிறது. சிறிய வால்வு எடை குறைவு என்பதால் ஸ்பிரிங் அதைச் சட்டென்று மூடிவிடும். நடுவில் ஸ்பார்க் பிளக்குக்கும் இடம் கிடைக்கும். வால்வுகளுக்கு நேர் மேலே இரண்டு கேம்ஷாஃப்ட்டுகள் சுழன்றதால், கீழிருந்து தள்ளும் நீண்ட புஷ்ராடுகளுக்கு வேலையே இல்லாமல் போனது.

இப்படிப்பட்ட ரகசியத்தைக் காப்பாற்றுவது கடினம். மூடியைக் கழற்றினால் எல்லாம் கண்ணெதிரே கிடக்கும். இங்கிலாந்தின் சன்பீம் நிறுவனத்தில் லூயி கோதலன் ஒரு பேஜோவைப் பிரித்துப் பார்த்தார். அதைப் பின்பற்றி அவர் கட்டிய சன்பீம், 1914-ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் முதலிடம் பிடித்தது.

அமெரிக்காவுக்கு இந்தத் தலையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு விபத்து. 1915-ல் பந்தய ஓட்டுநர் பாப் பர்மனின் பேஜோ இன்ஜின் வெடித்துச் சிதறியது. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்ததால் பிரான்சிலிருந்து உதிரிபாகம் வர வழியில்லை. லாஸ் ஏஞ்சலஸில் கார்புரேட்டர் செய்துகொண்டிருந்த ஹாரி மில்லரின் பட்டறைக்கு இன்ஜின் வந்தது. மில்லரும் அவருடைய மெக்கானிக் ஃப்ரெட் ஆஃபன்ஹவுசரும் அதைப் புதிதாகவே கட்டிக் கொடுத்தார்கள். வேலையோடு பாடமும் கைக்கு வந்தது. மில்லர் பின்னாளில் கட்டிய இரட்டை கேம் இன்ஜின்கள் இண்டியானாபொலிஸ் பந்தயத்தை ஆண்டன. அவர் திவாலானதும் தொழிலை ஏற்ற ஆஃபன்ஹவுசரின் பெயர் தாங்கிய இன்ஜின், அங்கே கடைசியாக வென்றது 1976-ல்!

இதற்கிடையே அந்த நுட்பம் பிரான்சுக்கே திரும்பியது. 1929-ல் லியோன் டுரே என்ற அமெரிக்கர் இரண்டு மில்லர் கார்களோடு ஐரோப்பா போனார். அவருடைய இயற்பெயர் ஜார்ஜ் ஸ்டூவர்ட். ‘டுரே’ என்பது 1914-ல் இண்டியானாபொலிஸில் பேஜோ ஓட்டி இரண்டாமிடம் பெற்ற ஆர்தர் டுரேயிடமிருந்து வந்த பெயர். பிரான்சில் கார் கட்டிய எத்தோரே புகாட்டி தன்னுடைய மூன்று டைப் 43 கார்களைக் கொடுத்து அந்த இரண்டு மில்லர்களையும் வாங்கிக்கொண்டார், பிரித்துப் பார்த்தார். 1931-ல் வந்த டைப் 51-ன் இரட்டை கேம் மேல்பகுதி அந்த ஆய்வின் பலன். அதே ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரியும் அந்தக் காருக்கே கிடைத்தது.

சாதாரண குடும்பக் காரின் உடம்பில் இந்தத் தலையைப் பொருத்தினால் என்ன ஆகும்? 1962-ல் லோட்டஸ் நிறுவனம் செய்து காட்டியது. ஃபோர்டின் எளிய புஷ்ராட் இன்ஜின் பிளாக் மேல், ‘ஆட்டோகார்’ இதழின் தொழில்நுட்ப ஆசிரியர் ஹாரி மண்டி வடிவமைத்த இரட்டை கேம் ஹெட் ஏறியது. ஃபோர்ட் கார்ட்டினா 1500-ல் ஏறக்குறைய 60 குதிரைத்திறன். 1558 சிசி லோட்டஸில் 105. பிறகு காஸ்வொர்த் நிறுவனத்தின் கீத் டக்வொர்த், கார்ட்டினா பிளாக் மேலேயே நான்கு வால்வு ஹெட்டை வைத்து, 1.6 லிட்டரில் 200-ஐத் தாண்டினார். அங்கே கற்றதை வைத்து உருவாக்கிய டிஎஃப்வி இன்ஜின், 1967-ல் ஸாண்ட்வோர்ட்டில் தன் முதல் பந்தயத்திலேயே வென்றது. ஃபார்முலா ஒன்னில் அதன் மொத்த வெற்றிகள் 155.

பழைய காருக்குச் சக்தி கூட்ட நினைப்பவர் முதலில் ஹெட்டை இறக்குவது இதனால்தான். காற்று போகும் வழியான போர்ட்டின் வளைவில் வார்ப்பு விட்டுப்போன மேட்டைத் தேய்ப்பார். கேஸ்கெட்டை வைத்துப் பார்த்து, மேனிஃபோல்டின் துளையும் போர்ட்டின் துளையும் விளிம்பு பிசகாமல் சேரும்படி அராவுவார். அடிமுகத்தை மெல்லியதாகச் சீவி அழுத்த விகிதத்தை ஏற்றுவார். பிஸ்டனைத் தொடாமலேயே இன்ஜினின் சுபாவம் மாறிவிடும்.

கோதலனையோ மில்லரையோ புகாட்டியையோ திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரித்தவர் எவரும் பார்த்ததைத் தன்னோடு பூட்டி வைக்கவில்லை. தன் இன்ஜினில் அதைக் கட்டி அடுத்தவருக்கு விட்டுப் போனார். ஒரே பட்டறைக்குள் பூட்டிக் கிடந்திருந்தால், பந்தயக்காரர்களின் இந்த நுட்பம் அலுவலகம் போகும் பைக் வரை வந்திருக்காது.