எவர்க்கும் பொருந்தும் என்ற குருதி

பெரிய விபத்தென்றால் களக்காட்டிலிருந்து நாம் பாளையங்கோட்டைக்குத்தான் ஓடுகிறோம். ஓ நெகட்டிவ் கிடைத்துவிட்டால் எவருக்கும் ஏற்றலாம் என்ற நம்பிக்கையும் கூடவே ஓடிவருகிறது. அதற்கொரு விலக்குண்டு என்பதை 1952-இல் பம்பாயில் மருத்துவர் ஒய்.எம். பெண்டேயும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்டனர். 'ஓ' எனத் தோன்றிய சிலரின் குருதி, 'ஓ' வகை அணுக்களையே திரளச் செய்தது. ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான 'எச்' என்னும் பொருள் அவர்களிடம் இல்லை. அதற்கான எதிர்ப்பொருளோ இயல்பாகவே இருந்தது.

அவ்வெதிர்ப்பொருள் உடல் வெப்பத்திலும் செயல்படுவதே ஆபத்து. ஏற்றிய சிவப்பணுக்கள் நாளத்துக்குள்ளேயே உடையும், சிறுநீரகம் செயலிழக்கலாம். எதிர்ப்பொருளின் வலு, ஏற்றிய அளவு, நிறுத்திய விரைவு ஆகியவற்றைப் பொறுத்தே கேட்டின் கடுமை அமையும். குளிர்நடுக்கம், இடுப்புவலி என்று நோயாளி முனகும்போதே குழாயை மூடிவிட வேண்டும். மயக்கமருந்தில் கிடப்பவரோ முனகவும் மாட்டார்.