விடுமுறைக்கு ஒரு நாவல்: அஸன்பே கதையும் கண்டியின் சரித்திரமும்

நோன்பு விடுமுறைக்குப் பாடசாலை மூடுவதற்கு முந்திய நாள். பத்தாம் தரப் பிள்ளைகளிடம், "லீவில வாசிக்க ஆளுக்கொரு புத்தகம் சொல்லுங்க, மற்றவங்களுக்கும் உதவும்" என்றேன். ஒரு பிள்ளை 'பொன்னியின் செல்வன்' என்றாள். இன்னொருவன் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடொல் தூவ'வைச் சொன்னான். பின் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "எங்கட ஆக்கள் எழுதின நாவல் ஒண்டும் இல்லையா சேர்?"

நான் வாய் திறக்குமுன் முன் வரிசைப் பிள்ளை பதில் சொல்லிவிட்டாள். "இலங்கையின் முதல் தமிழ் நாவல் அஸன்பேயுடைய கதை. எழுதியவர் அறிஞர் சித்தி லெப்பை. வருஷம் 1885."

"வாசிச்சிருக்கிறியா மகள்?"

"இல்ல சேர். அது பரீட்சைக்கு வாற கேள்வி."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அந்தப் பதில் மனசை உறுத்திக்கொண்டே வந்தது. பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாக எடுக்கும் வரை எனக்கும் அது ஒரு புள்ளிக்கான விடையாகத்தான் இருந்தது. மேடைகளில் நாம் பெருமையோடு சொல்லும் நாவல் அது. நம்மில் எத்தனை பேர் அதன் முதல் பக்கத்தையாவது திறந்திருக்கிறோம்?

கண்டியில் ஒரு புரொக்டர்

முஹம்மது காசிம் சித்தி லெப்பை 1838இல் கண்டியில் பிறந்தார். தகப்பனார் வழியிலேயே சட்டத் தொழிலுக்கு வந்து புரொக்டர் ஆனார். வசதியாக வாழ்ந்து மறைந்திருக்கலாம். ஆனால் சமூகத்தின் கல்வி நிலை அவரைச் சும்மா இருக்க விடவில்லை. அன்று இங்கிலீஷ் படிப்பு என்றால் மிஷனரிப் பாடசாலைதான். பிள்ளையை அங்கே அனுப்பினால் ஈமான் போய்விடும் என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதற்கு விடையாக, தீனும் துன்யாவும் சேர்ந்து படிக்கக்கூடிய பாடசாலைகளை நாமே கட்ட வேண்டும் என்றார் அவர். கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை திறந்தார். 1892இல் மருதானையில் தொடங்கிய ஸாஹிராவுக்குப் பின்னால் வாப்பிச்சி மரிக்காரின் வள்ளன்மையோடு இவருடைய உழைப்பும் நிற்கிறது.

1882 டிசம்பரில் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில்தான் தெல் எல் கபீர் போரில் ஆங்கிலேயர் எகிப்தியப் படையைத் தோற்கடித்தார்கள். அஹ்மத் ஒறாபி பாஷாவும் தோழர்களும் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு, 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார்கள். பத்திரிகைகளில் படித்த மிஸ்று தேசம் திடீரென்று நம் துறைமுகத்துக்கே வந்து நின்றது. ஒறாபி பாஷா பின்னர் 1892 முதல் கண்டியிலேயே வசித்து, 1901இல்தான் தாயகம் திரும்பினார்.

இந்தச் சூழலில்தான், 1885இல், 'அஸன்பேயுடைய கதை' வெளியாகிறது.

கண்டி இல்லாத கண்டி நாவல்

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்; முழுதையும் சொல்லிவிட்டால் நீங்கள் வாசிக்க மாட்டீர்கள். மிஸ்று தேசத்து உயர்குடிப் பிள்ளையொன்று சின்ன வயதிலேயே திருடப்பட்டு பம்பாய்க்குப் போய்ச் சேருகிறது. அங்கே வளர்கிறான், பிறகு கல்கத்தாவுக்குப் போகிறான், ஆங்கிலேயர்களோடு பழகுகிறான், பல ஆபத்துகளைத் தாண்டி, கடைசியில் தாய்மண்ணை அடைகிறான். பெயரோடு ஒட்டியிருக்கும் 'பே' துருக்கி வழி வந்த கௌரவப் பட்டம்.

இந்நாவலில் கண்டி இல்லை. இலங்கையே கதைக் களம் இல்லை. இதை ஒரு குறையாக விமர்சகர்கள் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சித்தி லெப்பையின் வாசகன் மலைநாட்டு நகரத்துக் கடையில் உட்கார்ந்திருந்த மனிதன். கெய்ரோவும் பம்பாயும் கல்கத்தாவும் தன் உலகத்தின் பகுதிதான் என்று அவனுக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு முஸ்லிம் வாலிபன் மார்க்கத்தை விடாமலே புதிய கல்வியைக் கற்று, புதிய உலகத்தில் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்பதையும் காட்ட வேண்டியிருந்தது. பத்திரிகைத் தலையங்கத்தில் இதை அவர் வாதமாக எழுதினார். வாதத்துக்குப் பதில் வாதம் வந்தது. கதையில் அதை ஒரு பிள்ளையின் வாழ்க்கையாக வைத்தார். கதையோடு சண்டை பிடிப்பது கஷ்டம்.

'முதல்' என்ற பட்டத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1856இலேயே 'காவலப்பன் கதை' வந்திருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது ஆங்கிலத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பு. திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இல் வந்தது. அதே ஊரைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் வந்தது. அதைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்பார்கள். ஆக, இந்தச் சின்னத் தீவின் தமிழ் நாவல் வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு கண்டி முஸ்லிமும் திருகோணமலைக்காரர் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். யார் முதல் என்பதைவிட இந்த அயல் எனக்குப் பிடித்திருக்கிறது.

அஸன்பே கதையை மறுபடி நம் கைக்குத் தந்தவர் எஸ்.எம். கமால்தீன். அந்த மறுபதிப்பும் இன்று தேடித்தான் எடுக்க வேண்டும். நடை பழையது, வாக்கியங்கள் நீளம். பிள்ளைகளுக்கு முதல் பத்துப் பக்கத்தை யாராவது சத்தமாக வாசித்துக் காட்டினால், பிறகு கதை அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

நண்பர்கள் சொன்னவை

விடுமுறை நாட்களில் ஆசிரிய நண்பர்களிடமும் ஜும்ஆவுக்குப் பின் சந்தித்தவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அவர்கள் சொன்னவற்றில் சிலதை இங்கே தருகிறேன்.

ஓய்வு பெற்ற அதிபர் ஒருவர் றொபர்ட் நொக்ஸைச் சொன்னார். 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருஷம் கைதியாக இருந்து தப்பிப் போன ஆங்கிலேயர் அவர். அவருடைய நூல் 1681இல் லண்டனில் வெளியானது. கண்டியில் முஸ்லிம்களுக்கு ஒரு தொழுகைத் தலம் இருந்ததையும், காணியுள்ள ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் கொடுக்க வேண்டுமென்று முன்னைய அரசர் ஒருவர் கட்டளையிட்டிருந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். இது நம்மைப் புகழ வேண்டிய தேவை எதுவும் இல்லாத ஒருவரின் சாட்சி.

வரலாறு கற்பிக்கும் சகோதரி ஒருவர் லோனா தேவராஜாவின் 1994ஆம் ஆண்டு ஆங்கில நூலைச் சொன்னார். கண்டி அரசில் பொதிமாடுகளோடு சரக்கு ஏற்றிய மடிகே பத்த பிரிவில் முஸ்லிம்கள் செய்த பணி, அரச வைத்தியர்களாக இருந்த குடும்பங்கள், சேனரத் மன்னன் நாலாயிரம் முஸ்லிம்களைக் கிழக்கில் குடியேற்றியது எல்லாம் அதில் இருக்கின்றன. ஆயிரம் வருஷ இன ஒற்றுமை என்று தலைப்பிட்ட அந்நூல் 1915ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அந்த ஆண்டு மே மாதக் கலவரம் தொடங்கியது நம்முடைய கண்டியில்தான். 2018 மார்ச்சில் திகனையில் நடந்ததை நம் பிள்ளைகள் கண்ணால் கண்டவர்கள். ஒற்றுமைக் கதையை மட்டும் கொடுத்தால் அவர்கள் நம்ப மாட்டார்கள். கலவரக் கதையை மட்டும் கொடுத்தால் இந்த மண்ணில் தமக்கு வேர் இல்லை என்று நினைப்பார்கள். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். கூடவே பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் முஸ்லிம் அடையாளம் பற்றி எழுதியவற்றையும் உயர்தர மாணவர்களுக்குச் சிபாரிசு செய்வேன்.

இலக்கிய வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் ம.மு. உவைஸிடமிருந்து தொடங்கலாம். தமிழுக்கு முஸ்லிம்கள் செய்த பங்களிப்பைப் பற்றிய அவருடைய ஆங்கில ஆய்வை 1953இல் வெளியிட்டது கல்ஹின்னைத் தமிழ் மன்றம். கண்டிக்குப் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்திலிருந்து எஸ்.எம். ஹனிபா நடத்திய பதிப்பகம் அது. சீறாப்புராணத்துக்கு முன்னும் பின்னும் நமக்கு இவ்வளவு இருந்ததா என்று பலர் அறிந்தது அதற்குப் பிறகுதான்.

நாவல்களில் அதிகம் பேர் சொன்னது தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. 1988இல் வந்தது. ஊருக்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் ஒரு முதலாளியின் கதை. சித்தி லெப்பை கண்டியில் சந்தித்த எதிர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இதை வாசியுங்கள். நம் பக்கத்துத் தோட்டங்களின் வாழ்வை அறிய கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யை ஒருவர் சொன்னார். ஒரே சந்தைக்கு வருகிறோம், ஒரே பஸ்ஸில் போகிறோம். ஆனால் லயத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யைச் சொன்னவர்களும் உண்டு, வேண்டாம் என்றவர்களும் உண்டு. பெரியவர்கள் வாசித்துவிட்டு வாதாடலாம் என்பது என் எண்ணம்.

விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த பின், அந்தப் பின் வரிசைப் பையன் என்னிடம் வந்தான். அவனுடைய மூத்தம்மாவுக்கு இரவில் கண் தெரியாதாம். நான் படியெடுத்துக் கொடுத்த அஸன்பே பக்கங்களை அவளுக்கு வாசித்துக் காட்டினானாம். "மீதியும் தாங்க சேர், அந்தப் புள்ளைக்கு உம்மா கிடைச்சாவா எண்டு மூத்தம்மா கேட்டுக்கொண்டே ஈக்கிறா."

மீதியைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். நம்முடைய நிறுவனங்களில் ஏதாவது ஒன்று, பிள்ளைகள் வாசிக்கக்கூடிய எழுத்தில், அருஞ்சொல் விளக்கத்தோடு, மலிவு விலையில் இந்த நாவலை மறுபடி அச்சிட்டால் எனக்கு அந்த வேலை மிச்சம்.