எட்டாம் அலைவரிசை கைமாறிய கதை: கிள்ளான் பள்ளத்தாக்கின் தனியார் தொலைக்காட்சியும் தமிழின் இடமும்

1995 ஜூலை 1ஆம் நாள் கோலாலம்பூரில் மெட்ரோவிஷன் என்ற தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் எல்லை கிள்ளான் பள்ளத்தாக்கு. அதற்கு வெளியே இருந்தவர்கள் அதைப் பெயரளவில்தான் அறிந்திருந்தார்கள். நான்கு ஆண்டு நான்கு மாதம் ஓடிய பின், 1999 நவம்பர் 1இல் அதன் திரை அணைந்தது. நான்கு ஆண்டுக்கு மேல் வெறுமையாகக் கிடந்த அதே எட்டாம் அலைவரிசையில், 2004 ஜனவரி 8இல் 8டிவி என்ற புதிய பெயரோடும் புதிய உரிமையாளரோடும் மறுபடி ஒளிபரப்பு வந்தது. மலேசிய ஒளிபரப்பு வரலாற்றில் மெட்ரோவிஷனுக்குக் கிடைப்பது ஓரிரு வரிதான். ஆனால் இந்நாட்டில் தொலைக்காட்சி உரிமங்கள் எப்படிக் கைமாறின, மாறும்போதெல்லாம் மொழிகளின் பங்கு எப்படித் திருத்தி எழுதப்பட்டது என்பதைப் பார்க்க, இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. நிலையத்தின் உரிமையாளர் மாறினால் விளம்பரக் கணக்கு மாறுகிறது. விளம்பரக் கணக்கு மாறினால் திரையின் மொழி மாறுகிறது. அந்தக் கணக்கில் தமிழ் எங்கே நின்றது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் அரசுத் தொலைக்காட்சி. 1963 டிசம்பர் 28இல் ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரகுமான் மண்டபத்தில் ஒளிபரப்பு தொடங்கியது. 1969இல் அது அங்காசாபுரிக்கு இடம்பெயர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது அலைவரிசையும் வந்தது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்ற நால்மொழிப் பங்கீட்டை வானொலியிடமிருந்தே தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. தமிழுக்குக் கிடைத்த நேரம் குறைவு. வாரத்தில் ஒரு தமிழ்ப்படம் போடும் நாளுக்காகக் குடும்பமே காத்திருந்த தலைமுறை அது. ஆனாலும் அந்த நேரம் அரசின் கொள்கையிலிருந்து வந்தது. செய்திக்கு எவ்வளவு விளம்பரம் கிடைக்கும் என்று எவரும் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

1983இல் மகாதீர் அரசு தனியார்மயக் கொள்கையை அறிவித்தது. அதன் முதல் கனிகளில் ஒன்று டிவி3. சிஸ்தெம் தெலெவிஷன் மலேசியா பெர்ஹாட் என்ற நிறுவனம் 1984 ஜூன் 1இல் அதைத் தொடங்கியபோது, அதுவும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டுமே தெரிந்தது; பிறகுதான் மற்ற மாநிலங்களுக்குப் பரவியது. நிலையம் இருந்தது பங்சாரின் ஜாலான் லிக்குவில். நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குழுமத்தின் பாலாய் பெரித்தாவும் அதே பங்சாரில், ஜாலான் ரியோங்கில். அங்காசாபுரியும் அங்கிருந்து தொலைவில்லை. நாட்டின் மக்கள்தொடர்புச் சாதனங்களில் பெரும்பகுதி அந்நாளில் பிரிக்பீல்ட்ஸைச் சுற்றிய சில மைல்களுக்குள் இயங்கியது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

டிவி3இன் முதல் பங்குதாரர் பட்டியலைத் தமிழர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆளும் கட்சியான அம்னோவோடு இணைந்த ஃபிலீட் குழுமத்திடம் 40 விழுக்காடு, உத்துசான் மெலாயுவிடம் 20. மைக்கா ஹோல்டிங்ஸிடம் 10. மலேசிய இந்தியர் காங்கிரஸின் (மஇகா) முதலீட்டு நிறுவனமாக 1982இல் பதிவான மைக்கா, 60,000க்கும் மேற்பட்ட இந்தியர்களிடமிருந்து 10 கோடி வெள்ளிக்கு மேல் திரட்டியது. தோட்டத் தொழிலாளர்கள், ரயில்வே ஊழியர்கள், ஆசிரியர்கள் என எளிய மக்களின் சேமிப்பு அது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களும் உண்டு. ஆக, நாட்டின் முதல் தனியார் தொலைக்காட்சியில் பத்தில் ஒரு பங்கு, பெயரளவிலாவது, இந்தியச் சமூகத்தின் பணம். அந்தப் பங்கு திரையில் தமிழாக மாறவில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று சிலர் சொல்லக்கூடும்: பங்கு என்பது லாபத்துக்கான உரிமை, நிகழ்ச்சிக்கான உரிமை அல்ல. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஒரு சமூகத்தின் பெயரால் திரட்டிய மூலதனம் ஓர் ஊடகத்துக்குள் போகும்போது, அச்சமூகத்தின் மொழிக்கு அங்கே எவ்வளவு நேரம் என்பதை நிபந்தனையாக வைத்திருக்கலாம். அப்படிக் கேட்பதற்கான வாய்ப்பு ஒருமுறைதான் வந்தது. 2010இல் மைக்காவின் பங்குகள் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 80 சென் விலையில் கைமாறியபோது அந்த அத்தியாயம் முழுவதுமாக முடிந்தது.

டிவி3 கைமாறிய விதம் முழுக்க அரசியலோடு பின்னிக் கிடந்தது. 1988இல் அது பங்குச் சந்தைக்கு வந்தது. 1993இல் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் நான்கு நிர்வாகிகள் ரியல்மைல்ட் என்ற நிறுவனத்தின் வழியே, எம்ஆர்சிபி எனப்படும் மலேசியன் ரிசோர்சஸ் கார்ப்பரேஷனைக் கொண்டு, அந்த நாளேட்டுக் குழுமத்தையும் டிவி3ஐயும் சுமார் 80 கோடி வெள்ளிக்குக் கைப்பற்றினர். கடனால் எழுந்த கோட்டை அது. 1997இல் ரிங்கிட் சரிந்தபோது அதன் அடித்தளம் ஆட்டம் கண்டது.

மெட்ரோவிஷன் பிறந்தது இந்த இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவில், பணம் தாராளமாகப் புழங்கிய காலத்தில். உரிமம் சிட்டி டெலிவிஷன் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அதன் பின்னால் மெலேவார் கார்ப்பரேஷனும் உத்துசான் மெலாயுவும் அடங்கிய கூட்டு. திட்டம் எளிது. நாட்டின் விளம்பரச் செலவில் பெரும்பகுதி கிள்ளான் பள்ளத்தாக்கின் நுகர்வோரைக் குறிவைத்தே போகிறது. எனவே மலையும் கடலும் தாண்டிக் கோபுரங்கள் எழுப்பாமல், வாங்கும் சக்தி உள்ள இடத்துக்கு மட்டும் ஒளிபரப்பினால் போதும். காகிதத்தில் இது பழுதற்ற கணக்கு. ஆனால் பெரிய விளம்பரதாரர்கள் வாங்குவது நாடு தழுவிய நேரத்தை. பள்ளத்தாக்கையும் சேர்த்து நாடு முழுவதையும் தரும் டிவி3 இருக்கும்போது, பள்ளத்தாக்கை மட்டும் தரும் நிலையத்துக்குத் தனியாக ஏன் கொடுக்க வேண்டும்? மேலும், நிலையம் தொடங்கி ஏறத்தாழ ஓர் ஆண்டிலேயே அஸ்ட்ரோ என்ற துணைக்கோள் வழிக் கட்டணத் தொலைக்காட்சி வந்தது. மூன்றாம் ஆண்டில் நாணய நெருக்கடி. அதன் நடுவே, 1998 ஏப்ரல் 7இல், சரவாக்கைச் சேர்ந்த முகமது எஃபெண்டி நொர்வாவியின் என்டிவி7, ஷா ஆலாம் கிளென்மேரியிலிருந்து அதே பார்வையாளரைத் தேடி இறங்கியது. மெட்ரோவிஷன் வீழ்ந்ததற்கு நிகழ்ச்சிகளின் தரம் காரணம் என்று சொல்வதுண்டு. தவறான ஆண்டில் தவறான எல்லையோடு தொடங்கியதே பெரிய காரணம் என்பது என் கருத்து.

இங்கே பிரிக்பீல்ட்ஸில் பிறந்த ஒருவர் கதைக்குள் வருகிறார். 1938இல் பிறந்து, அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப்பள்ளியிலும் பின் விக்டோரியா கல்விக்கழகத்திலும் படித்த ஆனந்த கிருஷ்ணன், யாழ்ப்பாண வழித் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1996 ஜனவரியில் அவருடைய மெசாட்-1 துணைக்கோள் விண்ணுக்குப் போனது. அதே ஆண்டில் புக்கிட் ஜாலிலிலிருந்து அஸ்ட்ரோ தன் சேவையைத் தொடங்கியது. துணைக்கோள் வழிக் கட்டணத் தொலைக்காட்சியில் 20 ஆண்டுக்கான தனியுரிமையும் அதற்குக் கிடைத்தது. தொடக்க நாளிலிருந்தே அதில் வானவில் என்ற தமிழ் அலைவரிசை இருந்தது.

தரைவழி நிலையங்களால் தர முடியாத தமிழை அஸ்ட்ரோ எப்படித் தந்தது? அதன் வருமானம் வந்த வழிதான் விடை. இலவசத் தொலைக்காட்சி பார்வையாளரை விளம்பரதாரருக்கு விற்கிறது. அங்கே நாட்டு மக்களில் இந்தியர் நூற்றுக்கு ஏழு பேர் என்ற எண் எப்போதும் தோற்கும். கட்டணத் தொலைக்காட்சியோ ஒவ்வொரு வீட்டிடமும் மாதந்தோறும் நேராகப் பணம் வாங்குகிறது. தமிழ் அலைவரிசைக்காகவே தட்டு பொருத்தத் தயாராக இருந்த வீடுகள் கிள்ளானிலும் காப்பாரிலும் பூச்சோங்கிலும் ஆயிரக்கணக்கில் இருந்தன. சன் டிவியின் தொடர்கள் சேர்ந்ததும் அந்தத் தேவை இன்னும் பெருகியது. மாலை மழை கொட்டும்போது படம் போய்விடும், கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும் என்ற குறைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு மக்கள் அதை வைத்திருந்தார்கள். ‘விழுதுகள்’ போன்ற நிகழ்ச்சிகளும் பாடல் போட்டிகளும் உள்ளூர்க் கலைஞர்களுக்கு முதன்முறையாக ஒரு நிலையான மேடையைக் கொடுத்தன. இதை நன்றியோடு பதிவு செய்ய வேண்டும். அதே மூச்சில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும்: பெரிய அளவில் தமிழ் பார்க்க வேண்டுமானால் காசு கட்ட வேண்டும் என்ற நிலை அப்போதுதான் உறுதிப்பட்டது. மாதக் கட்டணம் கட்ட இயலாத மலிவுவிலை அடுக்குமாடி வீட்டுக்கு எஞ்சியது அரசின் இரண்டாவது அலைவரிசையான டிவி2இன் தமிழ்ச் செய்தியும் அங்கொன்றும் இங்கொன்றுமான நிகழ்ச்சிகளும்தான்.

2003இல் எம்ஆர்சிபியின் கடன் சீரமைப்பிலிருந்து மீடியா பிரிமா உருவானது. டிவி3 அதன் கைக்கு வந்தது. மெட்ரோவிஷனின் பழைய உரிம நிறுவனமும், மெட்ரோபொலிட்டன் டிவி என்று பெயர் மாறி, அதே குடைக்குள் வந்தது. 2005இல் என்டிவி7 வாங்கப்பட்டது. 2003 செப்டம்பர் 9இல் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குள் முடங்கிய சேனல் 9, 2006 ஏப்ரல் 22இல் டிவி9ஆகத் திரும்பியது. அதற்கும் மீடியா பிரிமாவே சொந்தம். மூன்று ஆண்டுக்குள் நாட்டின் நான்கு தனியார் தரைவழி நிலையங்களும் ஒரே குழுமத்தில் சேர்ந்துவிட்டன.

போட்டியாளர்களாக இருந்தவரை ஒவ்வொரு நிலையமும் எல்லோரையும் இழுக்கப் பார்த்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகளானதும் அவற்றுக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. டிவி3க்குப் பெரும்பான்மை மலாய்க் குடும்பங்கள், டிவி9க்கு மலாய்க் கிராமப்புறமும் இளையோரும், 8டிவிக்குச் சீனரும் நகர இளைஞரும், என்டிவி7க்குக் கலவையான நகரப் பார்வையாளர். நான்கில் ஒன்றுகூட இந்தியப் பார்வையாளருக்கென ஒதுக்கப்படவில்லை. 2018இல் 8டிவி முழுவதும் சீனப் பார்வையாளருக்கான நிலையமாக மாற்றப்பட்டபோது, எட்டாம் அலைவரிசையின் மொழிக் கணக்கு ஐயமின்றி முடிவானது.

8டிவியின் முதல் ஆண்டில் நடந்த ஒன்றை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2004இல் அது ஒளிபரப்பிய மலேசியன் ஐடல் முதல் போட்டியில் வென்றவர் ஜாக்லின் விக்டர், இந்திய வம்சாவளிப் பெண். மலாயிலும் ஆங்கிலத்திலும் பாடி வென்றார். நாடே அவரைக் கொண்டாடியது. பினாங்கின் அலிகேட்ஸ் குழுவில் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் மலாய்ப் பாடல்களால் பெற்ற புகழின் தொடர்ச்சி அது. இந்தியக் குரலுக்கு அந்தத் திரைகளில் இடம் இருந்தது. தமிழுக்குத்தான் இல்லை.

அலைவரிசை குறைவு என்ற பழைய காரணம் இப்போது செல்லாது. 2019இல் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, மைஃப்ரீவியூ இலக்கமுறைச் சேவை அதன் இடத்துக்கு வந்தது. பழைய அலைவரிசை ஒன்று பிடித்த இடத்தில் பல நிலையங்கள் அமரலாம். தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமா தன் செய்தி அலைவரிசையில் தமிழ்ச் செய்தி தருகிறது. உள்ளூர்த் தமிழ்த் தயாரிப்பாளர்களும் கலைஞர்களும் இருபது ஆண்டுக்கு மேலாகத் தொழிலில் பழகியிருக்கிறார்கள். எஞ்சியிருப்பது விளம்பரக் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கையும் அரசு நினைத்தால் ஒதுக்கிவைக்க முடியும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, 2021 பிப்ரவரி 17இல், என்டிவி7இன் அலைவரிசை கல்வியமைச்சின் டிடிக் டிவியாக மாறியது. தனியார் குழுமத்தின் நிலையம் ஒன்று பொதுத் தேவைக்காக நாள் முழுவதும் பாடம் நடத்தியது. உரிமையாளர் மாறவில்லை, உரிமம் பறிக்கப்படவில்லை. அமைச்சும் குழுமமும் பேசி முடித்த ஓர் ஏற்பாடே அதற்குப் போதுமானதாக இருந்தது. இலவசத் திரையில் தமிழுக்கு நேரம் கேட்பவர்கள் இனி மேற்கோள் காட்ட வேண்டியது இந்த ஏற்பாட்டைத்தான்.