முதியோரும் உடற்பயிற்சியும்

அலிபிரியிலிருந்து திருவேங்கட மலைக்கு ஏறும் பாதையில் 3,550 படிகள் உள்ளன. சீனிவாச மங்காபுரத்தை அடுத்துள்ள ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில் 2,388 படிகள். தலைமுறை தலைமுறையாக இளையோரும் முதியோரும் இப்படிகளில் ஏறி வந்துள்ளனர். உடற்பயிற்சி என்னும் பெயரைப் பெறாத உடற்பயிற்சி இது. ஆயினும் மலைக்கு ஓர் இயல்பு உண்டு. இருபது வயதினர்க்கும் எழுபது வயதினர்க்கும் அது ஒரே படியைத்தான் காட்டும். ஏறுபவரின் முழங்காலைக் கண்டு படி தாழ்ந்து கொடுப்பதில்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய நோய்களை உடைய முதியோர் நடந்து ஏறுவதைத் தவிர்க்குமாறு தேவஸ்தானம் அண்மை ஆண்டுகளில் அறிவுறுத்தியிருப்பதும் இது கருதியே.

படி வளையாது; ஆனால் பயிற்சி தரும் ஆசிரியர் வளைந்து கொடுக்கலாம். அவ்வாறு வளைந்து கொடுத்தவர்களின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

உடற்பயிற்சியின் வரலாறு பெரும்பாலும் இளைஞர்களின் வரலாறாகவே இருந்து வந்துள்ளது. சிலம்பக்கூடமும் மல்யுத்தக் களமும் காளையரை எதிர்பார்த்தே எழுந்தன. 1920-இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அதன் வழியே பள்ளிதோறும் உடற்பயிற்சி ஆசிரியர் என்பவர் தோன்றலானார். அவர் முன் அணிவகுத்து நின்றவர்கள் மாணவர்கள். அம்மாணவரின் தாத்தாவும் பாட்டியும் திண்ணையில் அமர்ந்திருந்தனர். அவர்களுக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும் என்னும் எண்ணம் எவர்க்கும் எழவில்லை.

யோகக் கல்வியிலும் முதலில் இதே நிலைதான். 1933-இல் மைசூர் அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலையை நடத்தத் தொடங்கினார். அங்கே பயின்றவர் பெரும்பாலும் சிறுவர்கள். ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தாவிச் செல்லும் கடுமையான பயிற்சி அது. பார்ப்போர் வியந்து நின்றனர். ஆனால் வியந்து நின்றவர்களுள் முதியவர் ஒருவர், ‘இது எனக்கும் உரியது’ என்று எண்ணியிருக்க வழியில்லை.

1950-இல் யோகசாலை மூடப்பட்டது. 1952-இல் கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்தார். பக்கவாதத்தால் உடல் நலிந்த சட்ட அறிஞர் ஒருவரே உதவி வேண்டி அவரை அழைத்தவர். அப்போது ஆசிரியர்க்கும் வயது அறுபதைக் கடந்துவிட்டது. சென்னையில் அவரிடம் வந்தவர்கள் அரண்மனைச் சிறுவர்கள் அல்லர். பிணியுற்றோர், நடுவயதினர், முதியோர். அவர்கள்முன் மைசூர்ப் பாடத்தை அப்படியே வைத்தால் பயன் யாது? அவர் பாடத்தை மாற்றினார். வருபவரின் வயது, மூச்சு, நோய், அன்றாடத் தொழில் ஆகியவற்றை நோக்கி ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பயிற்சி வகுத்தார். மனிதன் யோகத்திற்காக வளைய வேண்டியதில்லை, யோகமே மனிதனுக்காக வளைய வேண்டும் என்னும் இக்கொள்கையை அவருடைய மகனார் தேசிகாச்சாரியார் பின்னர் உலகெங்கும் பரப்பினார். 1976-இல் தந்தையின் பெயரால் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைச் சென்னையில் அவர் நிறுவினார்.

இக்கொள்கைக்குக் கிருஷ்ணமாச்சாரியாரின் முதுமையே ஒரு சான்றாயிற்று. தொண்ணூற்றாறாம் வயதில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சையை மறுத்த அவர், படுக்கையிலிருந்தே செய்யத்தக்க பயிற்சியைத் தமக்கெனத் தாமே வகுத்துக்கொண்டார். 1989-இல் நூறு வயது நிறைந்தவராய் மறைந்தார். எலும்பு முறிந்தவர் மருத்துவரை மறுக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. படுக்கையில் கிடப்பவர்க்கும் ஏற்ற பயிற்சி உண்டு என்று அவர் நம்பினார் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

நம் வட்டாரத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியும் உண்டு. 1911 முதல் 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. உலகம் போற்றிய அச்சிந்தனையாளர் 1960-களின் நடுப்பகுதியில், எழுபதை எட்டிய வயதில், தம்மினும் நாற்பதாண்டுக்கு மேல் இளையவரான தேசிகாச்சாரியாரிடம் யோகம் பயின்றார். அதற்கு முன் அவருக்குக் கற்பித்தவர், கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவரான பி.கே.எஸ். ஐயங்கார். எண்பது வயதைக் கடந்த பெல்ஜிய நாட்டு அரசியார் எலிசபெத்துக்கும் ஐயங்கார் ஆசனங்கள் கற்பித்தார். நாற்காலி, கயிறு, மரக்கட்டை, சுவர் ஆகியவற்றைத் துணையாக்கி, வளையாத உடலையும் ஆசனத்தில் நிறுத்தலாம் என்று காட்டியவரும் அவரே.

முதுமையில் செய்யும் பயிற்சியால் உண்மையிலேயே வலிமை கூடுமா என்று வினவுவோர் உளர். இதற்கு 1990-இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிலிருந்து தெளிவான விடை கிடைத்தது. முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, சராசரி வயது தொண்ணூறான பத்துப் பேர்க்கு மரியா ஃபியாடரோன் என்னும் மருத்துவரின் குழுவினர் எட்டு வாரம் பளு தள்ளும் பயிற்சி அளித்தனர். ஒன்பது பேர் அதனை நிறைவு செய்தனர். அவர்களுடைய தொடைத் தசையின் வலிமை சராசரியாக 174 சதவீதம் மிகுந்தது. கைத்தடி ஊன்றி நடந்தோருள் இருவர் தடியை விட்டனர். தொண்ணூறு வயதிலும் தசை கற்றுக்கொள்கிறது என்பது அன்று புலனாயிற்று.

ஆனால் அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் கூறிற்று. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அவ்வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. சேர்த்து வைத்துக்கொள்ளக்கூடிய செல்வமன்று அது. நாள்தோறும் ஈட்ட வேண்டிய கூலி. ஆகவே முதியோர்க்குப் பயிற்சி தருபவர் விடை காண வேண்டிய பெரிய வினா, ‘இவர்களுக்கு எதைக் கற்பிப்பது?’ என்பது மட்டுமன்று. ‘இவர்கள் நாளையும் வருவார்களா?’ என்பதுமாகும். இங்கேதான் மகிழ்ச்சி என்பது அணிகலனாக இல்லாமல் அடிப்படைத் தேவையாகிறது.

இவ்வுண்மையை வானொலி முன்னரே உணர்ந்திருந்தது எனலாம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமொன்று வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்பியதைக் கண்ட ஜப்பானிய அஞ்சல் காப்பீட்டுத் துறையினர், 1928 நவம்பர் 1-இல் தம் நாட்டு வானொலியில் அத்தகைய பயிற்சியைத் தொடங்கினர். போருக்குப் பின் சில ஆண்டுகள் நின்றிருந்து, 1951-இல் அது புதுவடிவில் மீண்டது. காலை ஆறரை மணிக்கு இசை ஒலிக்கும். பூங்காக்களில் முதியோர் கூடுவர். சில மணித்துளிகளில் பயிற்சி முடியும். பேச்சு மட்டும் முடியாது. அனைத்துலக முதியோர் ஆண்டாகிய 1999-இல், நாற்காலியில் அமர்ந்தபடியும் செய்யத்தக்க புதிய பயிற்சியொன்றை அந்நாட்டினர் சேர்த்தனர். இசை, குறித்த நேரம், தெரிந்த முகங்கள் ஆகிய மூன்றுமே அங்கே ஆசிரியராயின.

நம் நாட்டில் 1995 மார்ச் 13 அன்று மும்பைப் பூங்கா ஒன்றில் மருத்துவர் மதன் கட்டாரியா ஐந்து பேருடன் நகைமன்றம் ஒன்றைத் தொடங்கினார். முதலில் நகைச்சுவைத் துணுக்குகளைச் சொல்லிச் சிரித்தனர். சில நாட்களில் துணுக்குகள் தீர்ந்தன. எஞ்சியவற்றுள் சில பிறர் மனத்தைப் புண்படுத்தின. மன்றம் கலைந்துவிடும் நிலை. அப்போது அவர் துணுக்குகளை விட்டு, மூச்சுப் பயிற்சியுடன் கலந்து, ஒருவர் முகம் ஒருவர் பார்த்துச் சிரிக்கும் முறையை வகுத்தார். அது உலகெங்கும் பரவிற்று. ஒருவரை எள்ளிப் பிறக்கும் சிரிப்பால் வகுப்பு நிலைக்காது. கூடியிருப்பதால் பிறக்கும் சிரிப்பே அதனை நிலைநிறுத்தும் என்னும் பாடம் இதில் அடங்கியுள்ளது.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். சித்தூர் மாவட்டத்து விஜயபுரம், நகரி வட்டாரங்கள் தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டியவை. 1960-இல் இரு மாநிலங்களும் எல்லைப் பகுதிகளை மாற்றிக்கொண்ட பின்னரும் இங்கே தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாகவே வாழ்கின்றன. இரு மொழியினர்க்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு, அது கோலாட்டம். திருமலைப் பிரம்மோற்சவத்தில் வாகனத்தின் முன்னே மாட வீதிகளில் கோலாட்டக் குழுவினர் ஆடிச் செல்வதைப் பலரும் கண்டிருப்பீர்கள். முதியோர் வகுப்புக்கு இதனினும் ஏற்ற தொடக்கம் எது? கோலை ஓங்கும் கைக்குத் தோள் அசைகிறது. எதிரிலிருப்பவரின் கோலைத் தேடிக் கண் விழிப்படைகிறது. தாளத்தை எண்ணி மனம் கூர்மையுறுகிறது. நிற்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்தே கோல் தட்டலாம். ஒருவர் கோலுக்கு மற்றொருவர் கோல் விடை சொல்வதால், வராதவரின் இடம் வெறுமையாகத் தோன்றும். ‘நேற்று ஏன் வரவில்லை?’ என்று கேட்கும் ஒருவர் கிடைத்துவிட்டால் பயிற்சி பாதி வெற்றி பெற்றதாகும்.

வகுப்பை நடத்துபவர் சிலவற்றை மறத்தலாகாது. அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வாரத்தில் குறைந்தது 150 மணித்துளிகள் மிதமாக உடல் அசைய வேண்டும் என்றும், மூன்று நாட்களேனும் வலிமைக்கும் நிலைதடுமாறாமைக்கும் உரிய பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியுள்ளது. எனவே பாட்டும் ஆட்டமும் மட்டும் போதா. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுதல், பற்றுக்கோட்டின் அருகே ஒற்றைக்காலில் நிற்றல் போன்றவையும் ஆட்டத்தினிடையே கலந்திருக்க வேண்டும். பயிற்சியின்போது பேச இயல வேண்டும். பேச்சு தடைப்பட்டால் வேகத்தைக் குறைத்தல் நன்று. மார்வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுதல் கடமை. எல்லாவற்றுக்கும் மேலாக, முதியோரைக் குழந்தைகளைப் போல் நடத்தலாகாது. நாற்பதாண்டு நாற்று நட்டவரும் தறி நெய்தவரும் உடலுழைப்பை அறியாதவர் அல்லர். அவர்தம் பாட்டை அவரே பாடட்டும். ஆசிரியர் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

‘பயில்தல்’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பழகுதல் என்றும் நெருங்குதல் என்றும் பொருளுண்டு. உடற்பயிற்சி என்னும்போது முதற்பொருளையே நாம் எண்ணுகிறோம். முதியோர் பயிற்சிக்கோ இரு பொருளும் வேண்டும். நெருங்கி அமர மனிதர் இருந்தால்தான் மீண்டும் மீண்டும் பழகுதல் நிகழும். மலைமேல் ஏற இயலாதவர்க்கும் ஊர்ச் சத்திரத்தில் நான்கு நாற்காலியும் எட்டுக் கோலும் இட்டுவைப்பது கடினமான செயலன்று. திண்ணையில் தனித்திருப்பவரைச் சென்று அழைப்பதே அதற்கு முதற்படியாகும்.