பூட்டாத வைஃபை

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு தொலைக்காட்சிகளுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. தடம் பிடித்துப் போன போலீஸ் நின்ற இடம், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வாடகை வீடு! கணினியைக் கைப்பற்றித் துருவித் துருவி விசாரித்தார்கள். மனிதருக்குச் சம்பந்தமில்லை, அவருடைய வைஃபை பூட்டாமல் கிடந்தது, எவனோ நுழைந்துவிட்டான். 2009 ஜனவரியில் மும்பை போலீஸ் தெருவில் இறங்கியே திறந்த வைஃபைகளைத் தேடியது.

பூட்டிலும் சொத்தை உண்டு. 1997இல் வந்த டபிள்யூ.இ.பி. முறையை 2001இலேயே நிபுணர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 எவ்வளவோ தேவலை.

புதுச்சேரியில் எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வைஃபை மாட்ட வந்த தம்பி, "பாஸ்வேர்டு அப்புறம் போட்டுக்கலாம் சார்" என்றார். நான் விடவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் படித்த 'மோ த பாஸ்', காவல்காரன் கேட்கும் சொல். டபிள்யூ.பி.ஏ.2 போட்டு, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சொல்லையும் மாற்றிய பிறகுதான் அவருக்குக் காபி வந்தது.